அடுத்தவர் காட்டுப் பருத்தி

திருட்டுக்கு நம் மொழியிலே பெயர்களுக்குப் பஞ்சமில்லை. சுவரிலே கன்னம் வைத்தால் ஒரு பெயர், மடியிலே கை வைத்தால் ஒரு பெயர், கணக்கிலே கை வைத்தால் ஒரு பெயர். இந்தக் காலம் புதிதாக இன்னொரு பெயரைக் கண்டுபிடித்திருக்கிறது. மற்ற எல்லாப் பெயர்களையும்விட அது மிக அழகானது. 'படித்ததில் பிடித்தது' என்பதே அந்தப் பெயர்.

ஒருவர் மாதக்கணக்கில் பாடுபட்டு ஒரு கட்டுரை எழுதுகிறார். இன்னொருவர் அதை அப்படியே எடுக்கிறார். தலைப்பை மாற்றுகிறார், எழுதியவர் பெயரைக் கத்தரிக்கிறார், மேலே 'படித்ததில் பிடித்தது' என்று பொட்டு வைத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார். படித்தாராம், பிடித்ததாம், யார் எழுதியது என்பது மட்டும் மறந்துவிட்டதாம்! விருந்துக்கு வந்தவர் நம் வீட்டு வெள்ளித் தம்ளரை மடியிலே கட்டிக்கொண்டு போய், 'பார்த்ததில் பிடித்தது' என்று சொன்னால் நாம் சும்மா இருப்போமா? தம்ளருக்கு உள்ள மரியாதைகூட எழுத்துக்கு இல்லையா?

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கருத்தைத் தொட்டவரை நான் குறை கூறவில்லை. கருத்து காற்றைப் போன்றது. ஒருவர் மனத்திலே தோன்றியது இன்னொருவர் மனத்திலும் தோன்றலாம். ஆர். ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர், தம் நாடகத்தைப் படமாக எடுத்துவிட்டார்கள் என்று தொடுத்த வழக்கிலே, 1978-இல் சுப்ரீம் கோர்ட்டு இதைத்தான் சொன்னது: கருத்துக்கு உரிமையாளன் இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமையாளன் உண்டு. நான் பேச வந்தது அந்தச் சொன்ன விதத்தைப் பற்றி. வரி வரியாக, கால்புள்ளி அரைப்புள்ளியோடு தூக்கிக்கொண்டு போகிறார்களே, அதைப் பற்றி.

இது கற்பனையல்ல. மல்லாங்கிணற்றைச் சுற்றியுள்ள பழைய கிணறுகளைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினேன். காரியாபட்டிப் பக்கமும் திருச்சுழிப் பக்கமும் ஆறு மாதம் அலைந்து, கமலை இறைத்த கிழவர்களைத் தேடிப் பிடித்து, எந்தக் கிணறு எத்தனை ஆள் ஆழம், எந்தக் கிணற்றிலே எந்தப் பஞ்சத்தில் ஊற்று அற்றது என்றெல்லாம் கேட்டு எழுதியது. அதை என் சொந்த இணையதளத்திலே போட்டேன். கட்டணம் ஒன்றும் கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். நாலாவது நாள் அதே கட்டுரை வேறொரு தளத்திலே இருந்தது. என் பெயர் இல்லை. சுற்றிலும் விளம்பரங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று ஆழ்குழாய்க் கிணறு போடுகிற கம்பெனியுடையது! என் தாய்மாமன் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த கிணற்றைப் பற்றி ஒரு பாரா எழுதியிருந்தேன். அதையும் அந்த மனிதர் விடவில்லை. 'என் தாய்மாமன்' என்றே இருந்தது. என் எழுத்தை எடுத்துக்கொண்டது போதாதென்று, என் தாய்மாமனையும் சொந்தம் கொண்டாடிவிட்டார்.

மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். பதில் வந்தது. 'நல்ல விஷயம் நாலு பேருக்குப் போய்ச் சேரட்டுமே என்றுதான் போட்டோம். தாங்கள் பெருந்தன்மையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்' என்று.

பெருந்தன்மை! கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவர், தேங்காய்க் கடைக்காரருக்குப் பெருந்தன்மையைப் பற்றி உபதேசம் செய்கிறார். நான் பணம் கேட்கவில்லை. என் பெயரைக் கேட்டேன். அது பேராசை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அவர் ஒருவரோடு விஷயம் முடிந்துவிட்டால் நான் இத்தனை பேச வேண்டியதில்லை. ஆனால் அவருக்காகப் பரிந்து பேச, நன்றாகப் படித்தவர்களே வரிந்து கட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

முதல் நியாயம், பாரம்பரியம். 'ஓலைச்சுவடிக் காலத்திலே ஏடு பெயர்த்து எழுதினார்களே, யாரிடம் உத்தரவு வாங்கினார்கள்? எழுத்துக்குச் சொந்தக்காரன் என்பதே வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கமல்லவா?' என்கிறார்கள்.

ஏடு பெயர்த்து எழுதினார்கள் என்பது உண்மை. ஓலை செல்லரித்துப் போகும், ஒடிந்து போகும். பெயர்த்து எழுதாவிட்டால் நூலே செத்துப் போகும். எழுதியவர்கள் நூலுக்கு உயிர் கொடுத்தார்கள். ஆனால் நூலாசிரியன் பெயரை வழித்துவிட்டுத் தம் பெயரைப் போட்டுக்கொண்டார்களா? தம் பெயரைக் கடைசி ஏட்டிலே, 'எழுதினவன்' என்ற அளவிலே அடக்கமாகப் போட்டுக்கொண்டார்கள். நம்முடைய இலக்கணம் என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதுவதானால் எட்டுச் செய்திகள் சொல்ல வேண்டும் என்று நன்னூல் விதிக்கிறது. அந்த எட்டில் முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது, அந்த நூல் எந்த வழியில் வந்தது என்பது. நூலின் பெயர்கூட அதற்குப் பிறகுதான் வருகிறது. இதை எந்த வெள்ளைக்காரன் கொண்டுவந்தான்?

உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அந்த நூலுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயது. உரிமை கேட்டு வர எந்த வாரிசும் இல்லை. அப்படியிருந்தும், தமக்கு ஏடு கொடுத்து உதவியவர்கள் இன்னார் இன்னார் என்று தம் பதிப்புகளின் முகவுரைகளிலே நன்றியோடு எழுதிவைத்தார். ஏட்டைக் கடன் கொடுத்தவர் பெயரையே மறைக்காத பரம்பரை நம்முடையது. எழுதியவர் பெயரையே மறைக்கிறவர்கள் அந்தப் பரம்பரையை ஏன் சாட்சிக்கு அழைக்கிறார்கள்?

இரண்டாவது நியாயம், பாரதி. 'பாரதி பாட்டைப் பொதுவாக்கவில்லையா? அறிவு பொதுச் சொத்து ஐயா!' என்கிறார்கள்.

பாரதியின் பாட்டு எப்படிப் பொதுவாயிற்று என்று இவர்கள் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது. பாரதி 1921-இல் மறைந்தார். அவருடைய எழுத்தின் உரிமை கைமாறியது. பாடல்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. நாட்டுக் கவியின் பாட்டு தனியார் கையில் இருக்கலாமா என்று கிளர்ச்சி எழுந்தது. நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் 1948-இல் பாரதி விடுதலைக் கழகம் கண்டார்கள். கூட்டம் போட்டார்கள், அரசாங்கத்தின் கதவைத் தட்டினார்கள். 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு உரிமையை ஏற்றது. மெய்யப்பச் செட்டியார் தம் வசமிருந்ததை விட்டுக்கொடுத்தார். பாரதியின் குடும்பத்தாருக்கு அரசு தொகை கொடுத்தது. பிற்பாடுதான் அது பொதுச் சொத்தாயிற்று.

இதிலே எந்த இடத்திலாவது திருட்டு இருக்கிறதா? கேட்டார்கள், கொடுத்தார்கள், ஈடு செய்தார்கள். பின்னாளில் தமிழக அரசு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியதும் இப்படித்தான். வாரிசுகளுக்குப் பரிவுத் தொகை கொடுத்துத்தான். பொதுவுடைமை என்பது ஊர் கூடிச் செய்கிற காரியம். இருட்டிலே ஒருவன் செய்கிற காரியத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டினால், பாரதிக்குத்தான் அவமானம்.

மூன்றாவது நியாயம், ஏழை வாசகன். 'முந்நூறு ரூபாய் கொடுத்து நாவல் வாங்க எல்லாராலும் முடியுமா? பி.டி.எஃப். கிடைத்தால் படித்துவிட்டுப் போகட்டுமே!'

ஏழை வாசகனை நான் தலைவணங்கி வரவேற்கிறேன். ஆனால் டெலிகிராம் குழுக்களிலே புத்தகங்களை மூட்டை மூட்டையாக இறக்கிக்கொள்கிறவர்களில் அந்த ஏழை எங்கே இருக்கிறான்? ஹோட்டலில் ஒரு வேளைக்கு நாலு பேர் சாப்பிட்டு ஆயிரம் ரூபாய் கொடுக்கிறவர்கள், அந்தப் பணத்திலே மூன்றில் ஒரு பங்கு பெறாத நாவலை, 'லிங்க் இருந்தால் அனுப்புங்கள் ஸார்' என்று கேட்கிறார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! உண்மையான ஏழைக்கு வழி இல்லாமல் போகவில்லை. இந்தியாவிலேயே முன்னோடியாக 1948-இல் பொது நூலகச் சட்டம் செய்த மாகாணம் இது. நாம் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. மல்லாங்கிணற்றிலிருந்து காரியாபட்டி வழியாக மதுரைக்குப் போனால், 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. கம்ப்யூட்டரிலேயே படிக்க வேண்டுமா? 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலே பழந்தமிழ் நூல்களெல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. ஈழத்தமிழர்கள் 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற தளமும் இருக்கிறது. உரிமைக்காலம் முடியாத நூலானால் உரியவரின் சம்மதத்தைக் கேட்கிற நேர்மையான முயற்சிகள் இவை. யாழ்ப்பாணத்திலே நூலகம் எரிந்த துயரத்தைக் கண்ட மக்களே அனுமதி கேட்டுத்தான் நூலைக் காப்பாற்றுகிறார்கள் என்றால், நமக்கு மட்டும் என்ன அவசரம்?

நாலாவது நியாயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: 'உங்களுக்கு விளம்பரம்தானே ஐயா!'

பெயரை எடுத்துவிட்டால் யாருக்கு விளம்பரம்? அது போகட்டும். பெயரோடு போட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். நாவலாசிரியனுக்குப் புத்தக விலையில் பத்துச் சதவீதம் என்பது வழக்கம். முந்நூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு முப்பது ரூபாய். ஆயிரம் பிரதி விற்றால் முப்பதாயிரம் ரூபாய். மூன்று வருஷம் எழுதியிருந்தால், மாதத்துக்கு எண்ணூற்றுச் சொச்சம். அந்த ஆயிரம் பிரதியும் ஒரு வருஷத்தில் விற்றுவிடுவதில்லை. இந்த எண்ணூறு ரூபாயைத்தான் 'பேராசை' என்கிறார்கள்.

மல்லாங்கிணற்றிலே பிறந்த எஸ். ராமகிருஷ்ணன், கரிசல் நாட்டு நாதஸ்வரக் கலைஞர்களின் வாழ்க்கையை வைத்து 'சஞ்சாரம்' என்ற நாவலை எழுதினார். அதற்கு 2018-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த நாவலை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். கல்யாண வீட்டிலே விடிய விடிய வாசித்த நாதஸ்வரக்காரரிடம், 'உங்கள் வாசிப்பை ஐந்நூறு பேர் கேட்டார்களே, அதுவே பெரிய விளம்பரம், சம்பளம் எதற்கு?' என்று நாம் சொல்வோமா? சொன்னால் அவர் வீட்டிலே உலை கொதிக்குமா? எழுத்தாளன் வீட்டு உலை மட்டும் புகழிலே கொதிக்கும் என்று யார் சொன்னது?

எழுத்தாளன் பணத்தைப் பேசினால் முகம் சுளிப்பது புதிதல்ல. சார்லஸ் டிக்கன்ஸ் 1842-இல் அமெரிக்காவுக்குப் போனார். அவருடைய நாவல்களை அங்கே ஒரு காசு கொடுக்காமல் அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். 'உங்களை நேசிக்கிறேன், ஆனால் எழுத்தாளனுக்கு நியாயம் செய்யுங்கள்' என்ற தோரணையிலே விருந்துகளில் பேசினார். பத்திரிகைகள் பாய்ந்து பிடுங்கின: இவர் பணத்தாசை பிடித்தவர், விருந்தினர் பேசுகிற பேச்சா இது என்று. டிக்கன்ஸ் 1870-இல் இறந்துபோனார். அமெரிக்கா வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு உரிமை கொடுத்தது 1891-இல்!

அதே அமெரிக்காவிலே நேற்று நடந்த கதையையும் கேளுங்கள். ஆந்த்ரோபிக் என்ற கம்பெனி, கம்ப்யூட்டருக்கு மொழி கற்பிப்பதற்காக லட்சக்கணக்கான புத்தகங்களைத் திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கி வைத்திருந்தது. எழுத்தாளர்கள் வழக்குப் போட்டார்கள். புத்தகத்தைக் கொண்டு இயந்திரத்துக்குக் கற்பித்தது நியாயமான உபயோகந்தான். ஆனால் திருட்டுப் பிரதிகளைச் சேர்த்து வைத்ததற்கு அந்தச் சமாதானம் செல்லாது என்று 2025 ஜூனில் நீதிபதி கோடு கிழித்தார். அதே வருஷம் செப்டம்பரில், 150 கோடி டாலர் கொடுக்கக் கம்பெனி இணங்கியது. புத்தகம் ஒன்றுக்குச் சுமார் 3,000 டாலர். இலவசம் என்று நாம் நினைத்து வாங்குகிற பி.டி.எஃபுக்கும் எங்கோ ஒருநாள் யாரோ விலை கொடுக்கத்தான் வேண்டும். இப்போது நம் ஊரிலே அதை எழுதினவனே கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

எங்கள் பக்கத்துச் சம்சாரிகளுக்கு இந்த நியாயத்தை நான் விளக்க வேண்டியதே இல்லை. மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் முழுக்க வானம் பார்த்த பூமி. பருத்தி ஒரே நாளில் வெடித்துவிடாது; எடுப்பு எடுப்பாக எடுக்க வேண்டும். கடைசி எடுப்பு முடிகிற வரையில் அடுத்தவர் காட்டிலே ஒரு சுளை பருத்தியைத் தொட்டாலும் ஊர் கேட்கும். எடுப்பு முடிந்த பிறகு, காட்டுக்காரரே காட்டைத் திறந்து விட்டுவிடுவார். ஊர் ஆடும் மாடும் வந்து மேயலாம். யாரும் கேட்கமாட்டார்கள். தாகத்துக்குக் கிணற்றிலே தண்ணீர் இல்லையென்று சொன்னவரும் கிடையாது. ஆனால் அடுத்தவர் கிணற்றிலே கமலை கட்டித் தன் வயலுக்கு இறைத்துக்கொள்ள யாரையும் விட்டதும் கிடையாது.

நம் பதிப்புரிமைச் சட்டம் வேறென்ன சொல்கிறது? எழுதியவரின் ஆயுள் முழுவதும், அதற்கப்பால் அறுபது வருஷமும் எடுப்புக்காலம். பிறகு காடு திறந்துவிடும். முன்பு ஐம்பதாக இருந்ததைத் தாகூர் நூல்களின் உரிமை முடியும் தறுவாயில் அறுபதாக நீட்டினார்கள். அறுபது அதிகம் என்று நினைப்பவர் தாராளமாக வாதாடட்டும். அதைப் பாராளுமன்றத்திலே மாற்றச் சொல்லட்டும். வேலியைத் தாண்டிக் குதிப்பது வாதமாகாது. அதே சட்டத்திலே படிப்புக்கும் விமர்சனத்துக்கும் மேற்கோளாக எடுத்தாள இடம் இருக்கிறது. அது தாகத்துக்குத் தண்ணீர். முழுப் புத்தகத்தையும் இறக்குவதோ கமலை கட்டி இறைப்பது.

பறிகொடுத்தவர்கள் செய்ய வேண்டியது என்ன? சோர்ந்துபோய் உட்கார வேண்டாம். உங்கள் எழுத்தை எங்கும் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுதிய நிமிஷத்திலேயே அது உங்களுடையது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57-வது பிரிவு, உரிமையையே விற்றுவிட்டாலும், 'இதை எழுதியவன் நான்' என்று சொல்லும் உரிமை எழுதியவனுக்கு உண்டு என்கிறது. ஆக்கியோன் பெயர் முதலில் வேண்டும் என்று நன்னூல் சொன்னதைத்தான் அதுவும் சொல்கிறது.

முதலில் தடயத்தைப் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பக்கத்தைத் தேதியோடு படம் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்துப் பிரதியையும் குறிப்புகளையும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்து, எடுத்தவருக்கு ஒரு கடிதம். தெரியாமல் செய்தவர்கள் அதிலேயே வழிக்கு வந்துவிடுவார்கள். வராவிட்டால், அந்தப் பக்கத்துக்கு இடம் கொடுத்திருக்கும் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி அவர்கள் 36 மணி நேரத்துக்குள் அதை மறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீங்கள் கோர்ட்டு உத்தரவு காட்டாவிட்டால் அவர்கள் மறுபடியும் திறந்துவிடலாம். ஆகையால் நாளை எண்ணிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். கோர்ட்டுக்குப் போவதானால், திருடியவர் இருக்கிற டில்லிக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டாம். எழுதியவர் வசிக்கிற இடத்து ஜில்லாக் கோர்ட்டிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று 62-வது பிரிவு சொல்கிறது. மல்லாங்கிணற்றுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால் போதும். வேண்டுமென்றே செய்கிறவர்களுக்கு 63-வது பிரிவிலே ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறைவாசமும், ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதமும் காத்திருக்கின்றன. இது போலீசார் தாமே வழக்குப் பதிவு செய்யக்கூடிய குற்றம் என்று 2022-இல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கிவிட்டது.

ஆனாலும், சட்டத்தை நம்பி மட்டும் நான் இதை எழுதவில்லை. ஒரு பக்கத்தை மூடினால் ஒன்பது பக்கம் திறக்கும். எண்ணூறு ரூபாய்க்காரன் எத்தனை முறை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறுவான்? வாங்குகிறவர் இல்லாவிட்டால் திருட்டுப் பொருளுக்குச் சந்தை ஏது? அந்தத் தளத்தைத் திறந்து படிக்கிறவர் யார்? அந்த பி.டி.எஃப்பைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்புகிறவர் யார்? நானறிந்த வரையில் அவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்ல. ரிடையரான உத்தியோகஸ்தர்கள், ஆசிரியர்கள், பாங்கு குமாஸ்தாக்கள். தெருவிலே கிடந்த பர்ஸை எடுத்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்கிற உத்தமர்கள். கடையிலே ஐந்து ரூபாய் அதிகமாகச் சில்லறை வந்தால் திரும்பிப் போய்க் கொடுக்கிறவர்கள். எழுத்து விஷயத்திலே மட்டும் அவர்களுடைய மனச்சாட்சி கொஞ்சம் கண்ணயர்ந்துவிடுகிறது.

அந்த மனச்சாட்சியைத்தான் நான் தட்டி எழுப்பப் பார்க்கிறேன். உங்களிடம் கேட்பது பெரிய தியாகமல்ல. பிடித்த எழுத்தை அனுப்பத் தோன்றினால், எழுதியவர் பெயரோடு அது முதலில் வந்த இடத்துக்கு வழிகாட்டுங்கள். அங்கேயே போய்ப் படிக்கட்டும். பிடித்த புத்தகம் என்றால் வாங்குங்கள். முடியாவிட்டால் நூலகத்திலே கேளுங்கள். நூலகத்தில் இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லிச் சண்டை போடுங்கள். பெயரில்லாமல் ஒரு கட்டுரை உங்கள் கைக்கு வந்தால், அதை மேலே தள்ளிவிடாதீர்கள். அனுப்பியவருக்கு ஒரே ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்புங்கள்: 'எழுதியது யார்?'

பத்துப் பேர் அப்படிக் கேட்டால், அனுப்பியவர் அடுத்த முறை அனுப்புவதற்கு முன் யோசிப்பார். ஆயிரம் பேர் கேட்டால், பெயரைக் கத்தரிக்கிற கை நடுங்கும்.